ஒரு முறம் தவிடு

ஜூன் 3, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி இந்த வீட்டில் தோசை மாவு அரைக்கப்பட மாட்டாது. கடையில் பாக்கெட் மாவு வாங்கப்படும். கிரைண்டர் போடும் சத்தத்துக்கும் அதன் முடிவில் கிடைக்கும் இரண்டு தோசைகளுக்கும் உள்ள விகிதாசாரம் பல மாதங்களாகப் பரிசீலனையில் இருந்துவந்தது. ஆலோசனையில் நான் மட்டும் கலந்துகொண்டேன். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. கிரைண்டரைத் துடைத்து, வாசுகியின் பழைய சேலை ஒன்றால் மூடி, மூலையில் தள்ளி வைத்தேன்.

மேலும், நறுமுகை என் மகள் அல்ல என்று சார்பு நீதிமன்றம் சென்ற மாதம் அளித்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது என்றும் முடிவாயிற்று.

ஜூன் 5, வியாழன்

புது வக்கீல் ஹபீபுல்லாவைப் பார்த்தேன். கீழ்க்கோர்ட்டில் எனக்காக வாதாடியவர் இப்போது வீட்டுமனை விற்கிறார். அதில் நன்றாகப் பேசுகிறார் என்று கேள்வி.

ஹபீபுல்லாவின் அலுவலகம் வீட்டு மாடியில். படி ஏறும்போதே பிரியாணி வாசனை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தீர்ப்பை மேசையில் வைத்துத் தட்டினார்.

"மதி சார், ரெண்டு தடவை படிச்சேன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நல்லா எழுதியிருக்காரு."

"எழுத்துப்பிழை நெறைய இருக்கு" என்றேன்.

"அதுக்கெல்லாம் அப்பீல் கெடையாது சார்."

பிறகு சட்டத்தை விளக்கினார். என் மதத்தின் சட்டத்தை எனக்கு விளக்க வேண்டியிருந்ததில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. "உங்க சட்டத்துல தத்துங்கறது ரொம்ப எளிசு. பெத்தவங்க மனசார குடுக்கணும், அவங்க வாங்கணும். பத்திரம்கூட அவசியமில்ல. குடுத்ததை நாலு பேர் பார்த்திருந்தா போதும். உங்க கேஸ்ல ஒரு மண்டபமே பார்த்திருக்கு. வீடியோ வேற. ஒரு தடவ தத்து ஆயிட்டா ரத்து கெடையாது. அந்த நிமிஷத்தோட நீங்க அப்பா இல்ல. அவ்வளவுதான்."

"அது ஜாதக தோஷத்துக்காகச் செஞ்ச சடங்கு."

"தெரியும் சார். எங்காளுங்ககூட தர்காவுல குழந்தையக் குடுத்துட்டு வாங்குவாங்க. ஆனா திரும்ப வாங்கிடுவாங்க. வாங்கினா அது பரிகாரம். வாங்கலேன்னா தத்து. நீங்க திரும்ப வாங்குனீங்களா?"

"தவிடு வந்தது" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். "இதை ஏன் கீழ்க்கோர்ட்ல சொல்லல?"

"என் மகளைத் தவிடு குடுத்து வாங்கினேன்னு ஒரு கோர்ட்டுல நின்னு சொல்ல எனக்கு விருப்பமில்ல."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"மூடநம்பிக்கை, சட்டப்படி செல்லாதுன்னு சொன்னேன்."

"ஜட்ஜ் நெத்தில என்ன இருந்துச்சு?"

"விபூதி."

"ம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி வக்கீல் கேட்டிருக்கிறார். எழுதிப் பார்க்கிறேன்.

நறுமுகை பிறந்த சில மாதங்களில் வாசுகி ஜாதகம் எழுதக் கொடுத்தாள். குழந்தை தகப்பன் வீட்டில் இருந்தால் தகப்பனின் ஆயுளுக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னார். இதற்கு நம் பக்கத்தில் ஏற்பட்டிருக்கும் வழி, குழந்தையைச் சடங்காக இன்னொருவருக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, உடனே ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. இப்போது அது தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. பழைய குழந்தைக்கு எழுதியிருந்த விதி விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விடும். விதியைத் தபால்காரர் அளவுக்கு மட்டுமே மதிக்கும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் என் அப்பா எனக்கு மதியழகன் என்று பெயர் வைத்தவர். நல்ல நேரமே பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவர். அதனால் மறுத்தேன்.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா பரவால்ல" என்றாள் வாசுகி. "எனக்கு நீங்க வேணும். எனக்காக அரை மணி நேரம் நில்லுங்க."

மதியச் சாப்பாட்டில் வடை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

வாங்கிக்கொள்பவர்களாக, இப்போது என்மேல் வழக்குத் தொடுத்திருக்கும் வாசுகியின் அக்கா கஸ்தூரியும் அவர் கணவர் தட்சிணாமூர்த்தியும் தஞ்சாவூரிலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இதனால் அவர்களுக்கும் ஒன்று பிறக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சகலைக்குப் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. வீடியோகிராபரும் அவர் ஏற்பாடுதான். எதையும் முழுமையாகச் செய்வார்.

ஐயர் தண்ணீர் விட, நானும் வாசுகியும் குழந்தையை அக்கா கையில் கொடுத்தோம். "மனப்பூர்வமா குடுத்தேன்னு வாய்விட்டுச் சொல்லுங்கோ" என்றார் ஐயர். சொன்னேன். சகலையின் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னேன்: "மனப்பூர்வமாகக் கொடுத்தேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." மண்டபம் சிரித்தது. சகலைதான் அதிகம் சிரித்தார்.

தவிடு ஏற்பாடு செய்ய எல்லோரும் மறந்திருந்தார்கள். நெல் விளைகிற தாலுகாவில் தவிடு கிடைக்காமல் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மில்லிலிருந்து அது நேராக எண்ணெய்க் கம்பெனிக்குப் போகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. வாசுகியின் சித்தி மகன் சிற்றம்பலம் தவிடு தேடி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வீடியோகிராபர் ஒரு காதுகுத்துக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். ராகு காலம் வருவதாக ஐயரும் கிளம்பினார். பந்தி தொடங்கியது.

சிற்றம்பலம் தவிட்டோடு வந்தான். அது முறத்தில் கொட்டப்பட்டது. சாப்பிட்டோம். வடை ஆறியிருந்தது. அன்று மாலை குழந்தை எங்களோடுதான் வீடு திரும்பியது.

மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். பிறகு வாசுகி டெங்குவில் இறந்தாள். நான் இருக்கிறேன். இந்த விஷயத்தில் ஜோசியர் எவ்வளவு தூரம் தவறு செய்தார் என்று சொல்ல முடியவில்லை.

ஜூன் 9, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்து, ஆள் இல்லாததால் திரும்பிப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

மேல்முறையீடு தாக்கலாயிற்று. குழந்தை விவகாரம் என்பதால் விரைவாக விசாரிப்பார்கள் என்கிறார் ஹபீபுல்லா.

நூலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் தீர்ப்பை மறுபடி படித்தேன். இருபத்திரண்டு வருடமாகப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து ஒரு வரிகூட அச்சில் வந்ததில்லை. தீர்ப்பின் பத்தொன்பதாம் பத்தியில் ஒரு முழு வாக்கியம் வந்திருக்கிறது, மேற்கோள் குறிகளோடு. "மேற்படி வாசகத்தைப் பிரதிவாதி சிரித்த முகத்துடன், எவ்விதக் கட்டாயமுமின்றிக் கூறியிருப்பது, குழந்தையைத் திரும்பப் பெறும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது." இதுவரை என் நகைச்சுவையை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை.

பள்ளிக்கூடச் சேர்க்கையில் தகப்பனார் பெயர் தட்சிணாமூர்த்தி என்று இருப்பதையும் நீதிபதி சொல்கிறார். வாசுகி இறந்த பிறகு அக்கா குழந்தையைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். சேர்க்கையின்போது சகலை போன் செய்தார்: "உள்ளூர்க்காரன் பேரா இருந்தா சீட்டு சுலுவா கெடைக்கும் சகல. போட்டுக்கவா?" "போட்டுக்குங்க" என்றேன். அப்போது ஏதோ வேலையாக இருந்தேன்.

இருபத்தாறாம் பத்தி: "தாய் இறந்த பின் பிரதிவாதி பதினான்கு மாதங்கள் குழந்தையைப் பார்க்கவே வரவில்லை." பதிமூன்று. தீர்ப்பில் இதுபோன்ற தகவல் பிழைகள் உள்ளன.

தினமும் பேப்பர் படிக்க வரும் சொக்கலிங்கம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், என் மேசைக்கு வந்தார். "என்ன சார், பெரிய தடிப் புஸ்தகமா இருக்கே? நாவலா?"

"இல்ல சார். தீர்ப்பு."

"யாருக்கு?"

"எனக்கு."

"ஜெயிச்சீங்களா?"

"இன்னும் படிச்சு முடிக்கல" என்றேன். அவர் விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 12, சனி

மேல்முறையீடு முடியும்வரை மாதம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை, தஞ்சாவூர்ப் பூங்காவில் குழந்தையைப் பார்க்க நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழி பஸ்ஸில் போனேன். ஏரியில் தண்ணீர் இல்லை, பறவையும் இல்லை. பறவைகளை வரவேற்கும் பலகை இருக்கிறது.

கஸ்தூரி அக்கா அவளைக் கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டுத் தள்ளிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழு வயதில் இவ்வளவு உயரமா என்று தெரியவில்லை. ஒப்பிட என்னிடம் வேறு குழந்தை இல்லை.

"அப்பா, ஏன் எளைச்சுட்டீங்க?"

"கடை மாவு."

"எனக்குப் பல்லு விழுந்துடுச்சு பாருங்க. ரெண்டு. பெரிம்மா கூரை மேல போட்டாங்க. ஒண்ணு தவறிக் கீழ விழுந்துடுச்சு, மறுபடி போட்டாங்க." பிறகு கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். அதில் ரிதன்யா ஸ்ரீ என்று ஒட்டியிருந்தது.

"இது யாரு?"

"நாந்தான். ஸ்கூல்ல அதான் என் பேரு. ஒரு ஏ கூடப் போடணும்பா, இல்லாட்டி கூட்டுனா அஞ்சு வராது. அஞ்சு வந்தாத்தான் நல்லா படிப்பேனாம்."

"உன் பேரு நறுமுகை."

"அது பழைய பேரு" என்றாள், எனக்கு வருத்தம் வரக்கூடாது என்பதுபோல மெதுவாக.

ஊஞ்சல் ஆடினாள். நான் தள்ளினேன். "இன்னும் வேகமா, இன்னும்!" என்றாள். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே தள்ளியது.

முடிகிற நேரத்தில் அக்கா வந்து ஒரு டப்பாவை நீட்டினார். "எலுமிச்சை சாதம் தம்பி. உங்களுக்கும் சேத்துத்தான் கட்டுனேன். சாப்டுட்டுப் போங்க."

"வேணாம்க்கா."

"கோர்ட்டு வேற, சோறு வேற." உட்கார்ந்தார். குழந்தை மறுபடியும் ஊஞ்சலுக்கு ஓடியிருந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன், வக்கீல் சொல்லக்கூடாதுன்னாரு. வாசுகிய எடுத்துட்டுப்போன அன்னைக்கு நீங்க அந்த உள்ரூம்ல உக்காந்து புஸ்தகம் படிச்சிட்டிருந்தீங்க. இது உங்க கிட்ட வந்து அப்பான்னு கூப்பிட்டுச்சு. ரெண்டு வாட்டி கூப்பிட்டுச்சு. நீங்க பக்கத்தைத் திருப்புனீங்க. அப்ப நான் தூக்குனவதான் தம்பி. இன்னும் எறக்கி விடல."

பஸ்ஸில் வரும்போது அது எந்தப் புத்தகம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

எலுமிச்சை சாதத்தில் உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்தது. மறுபடி துவைத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஹபீபுல்லா போன் செய்தார். தவிடு வந்ததைப் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும். பொதுவாக மேல்முறையீட்டில் புதுச் சாட்சியை விட மாட்டார்களாம். மனுப் போட்டுக் கெஞ்சலாம் என்கிறார். "உங்க மனைவி இல்ல. ஐயர் போயிட்டாரு. வீடியோக்காரரும் போயிட்டாரு. எதிர்ப் பார்ட்டி சொல்ல மாட்டாங்க. தவிடு வாங்கிட்டு வந்தவர் எங்க?"

அவன் இப்போது சகலையின் கடையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வெண்ணாற்றில் பெண்கள் கூட்டம். நீடாமங்கலத்தில் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடைக்குச் சிற்றம்பலத்தை வரச் சொல்லியிருந்தேன். ஆட்டோவில் பெயிண்ட் டப்பாக்களோடு வந்தான்.

"என்னத்தான், வயசாயிடுச்சே உங்களுக்கு."

"உனக்கும்தான்."

"எனக்குத் தொப்பதான். வயசு உங்களுக்கு." டீ சொன்னான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"தவிடா? அத்தான், அன்னைக்கு நான் பட்ட பாடு! மூணு ரைஸ்மில்லு. எங்கயும் இல்லன்னுட்டான். கடைசில மாட்டுத்தீவனக் கடைல கெடைச்சுது. 'எந்த மாட்டுக்குப்பா, கறவையா?'ன்னான். 'மாட்டுக்கு இல்ல, என் அக்கா பொண்ணுக்கு'ன்னேன். ஒரு பார்வ பார்த்தான்!" சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் காத்திருந்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இதைக் கோர்ட்டுல வந்து சொல்லணும்."

"மொதலாளி சும்மா விடுவாரா? பெரியக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"தெரியல."

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பா உங்ககிட்டதான் இருக்கணும் அத்தான். சின்னக்கா இருந்தா அதான் சொல்லும். வேலை போனா போவுது, வேற லோடு அடிச்சுக்குவேன். ஆனா ஒண்ணு. சத்தியம் வாங்கிட்டா நான் நடந்ததைத்தான் சொல்வேன். கேக்குற வரைக்கும் சொல்வேன். எனக்கு நடுவுல நிறுத்தத் தெரியாது."

"நடந்ததைச் சொன்னா போதும்."

"நெசமாத்தான் சொல்றீங்களா அத்தான்? யோசிச்சுக்குங்க. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"தவிடு வந்ததுதானே?"

"வந்துச்சு" என்றான். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு டீ சொன்னான்.

நம்பகமான சாட்சி என்று வக்கீலுக்குத் தகவல் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

பூங்கா. ஊஞ்சல் பழுது. கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"வீடியோ பார்த்தேன்பா" என்றாள்.

"எந்த வீடியோ?"

"நான் பாப்பாவா இருந்தது. அம்மா பச்சப் புடவை கட்டியிருக்காங்க. வக்கீல் அங்கிளுக்குப் போட்டுக் காட்டுனாங்க, நான் சோபாக்குப் பின்னாடி இருந்து பார்த்துட்டேன். பெரிம்மா அழறாங்க. அம்மாவும் அழறாங்க. நீங்க சிரிக்கிறீங்க."

வாழைக்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

"ஏம்பா சிரிச்சீங்க?"

"கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார்."

சிப்ஸை எடுத்து ஒவ்வொன்றாக ஓரம் கடித்து வட்டமாக்கினாள். "அம்மாகிட்ட சொல்லலயா அவரு?"

"சொல்லியிருப்பார்."

"அம்மா கேக்கலபோல" என்றாள். பிறகு, பூங்கா ரயில் ஓடுமா என்று பார்த்துவரலாம் என்றாள். ஓடவில்லை. ஓடாத ரயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் என் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து என் கையில் ஒரு கடிகாரம் வரைந்தாள். முள் போட மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடிகாரம் குளியலில் பாதி போய்விட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

புதுச் சாட்சியை விசாரிக்க அனுமதி கிடைத்தது. இது பெரிய வெற்றி என்கிறார் ஹபீபுல்லா. அவர் வீட்டிலிருந்து பாயசம் வந்தது. நபிகள் பிறந்தநாள் வருகிறதாம். பாயசம் அதற்காகவா, வெற்றிக்காகவா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது என்று அக்கா போன். சாதாரணக் காய்ச்சல்தான், ரத்தம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, அது இல்லை என்றார். எது இல்லை என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பேருந்து நிலையம் வரை போயிருந்தேன். திரும்பி வந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சிற்றம்பலம் இன்று சாட்சி சொன்னான். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதில் பெயிண்ட் இல்லை.

காலையில் வராந்தாவில் சகலை எதிரே வந்தார். "சாப்டீங்களா சகல?" என்றார். "ஆச்சு" என்றேன். "நீங்க?" "ஆச்சு." பிறகு அவரவர் வக்கீல் பக்கம் போனோம்.

ஹபீபுல்லா கேட்டார், சிற்றம்பலம் சொன்னான். தவிடு திரும்ப வாங்கும் சடங்குக்காகத்தான் தேடப்பட்டது. மூன்று மில். தீவனக் கடை. கறவையா என்று கேட்டது. நீதிபதி லேசாகச் சிரித்தார். தவிட்டை முறத்தில் கொட்டியது. "சின்னக்கா கையில முறத்தைக் குடுத்தேங்க" என்றான். ஹபீபுல்லா அத்தோடு போதும் என்று உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒளி இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சிறிய வயதுப் பெண். கேள்வியும் சிறியதுதான்.

"முறத்தைக் கையில வாங்கிட்டு அவங்க என்ன செஞ்சாங்க?"

சிற்றம்பலம் என்னைப் பார்த்தான். பிறகு நீதிபதியைப் பார்த்தான்.

"அத்தானைக் கூப்பிட்டாங்க."

"அவர் வந்தாரா?"

"எலைல உக்காந்துட்டாருங்க. பரிமாறிட்டாங்க."

"வந்தாரா, வரலையா?"

"அக்கா மறுபடி கூப்பிட்டாங்க. 'ஏங்க, ஒரு நிமிஷங்க, வந்து வாங்கிட்டுப் போயிடுங்க'ன்னாங்க. அத்தான், 'எம் பொண்ண நான் தவிட்டுக்கு வாங்கணுமா? மாட்டுக்குப் போடு'ன்னாரு. பந்தில எல்லாரும் சிரிச்சாங்க."

"வாசுகி அம்மா?"

"அக்கா சிரிக்கலைங்க. முறத்தோடயே நின்னாங்க. நெறைய நேரம் நின்னாங்க. அப்புறம் பெரியக்காகிட்ட இருந்து பாப்பாவ அவங்களே வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டாங்க. தவிடு கீழதான் இருந்துச்சு. குடுக்கல."

நீதிபதி பேனாவை வைத்தார். "தவிடு என்னாச்சு?"

"மண்டபத்துக்குப் பின்னால ஒரு மாடு கட்டியிருந்துச்சுங்கய்யா."

"சாப்பிட்டுதா?"

"சாப்ட்டுச்சுங்கய்யா."

தட்டச்சர் அதைப் பதிவு செய்தார். மாடு உண்டது நீதிமன்ற ஆவணமாயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் ஹபீபுல்லா என் எதிரில் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. "சார், அந்த ஆளு என்ன சொல்வாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தவிடு வந்ததுன்னு சொல்வான்னு நெனச்சேன். சொன்னான்."

"நான் ஜூன் மாசம் உங்கள ஒரு கேள்வி கேட்டேன் சார். திரும்ப வாங்குனீங்களான்னு கேட்டேன். அதுக்கு ஆமா இல்லன்னு ரெண்டு பதில்தான் இருக்கு."

மரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் "வாங்க, டீ குடிப்போம்" என்றார்.

சிற்றம்பலம் ஆட்டோ நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "அத்தான், நான்தான் அன்னைக்கே சொன்னேனே அத்தான்" என்றான். முதுகில் தட்டிக் கொடுத்தேன். நல்ல பருத்திச் சட்டை.

செப்டம்பர் 19, வெள்ளி

நூலகத்தில் கரையான். கீழ் அடுக்கு முழுவதையும் வெயிலில் பரப்பினேன். சட்டம், சமயம், சமையல் ஆகிய மூன்று பிரிவுகளும் பாதிக்கப்பட்டுள்ளன. கவிதையைக் கரையான் தொடவில்லை.

அக்டோபர் 11, சனி

பூங்கா. மழை. டிக்கெட் கவுண்டருக்குள் மூவரும் நின்றோம். அவள் வாய்ப்பாடு ஒப்பித்தாள், ஏழாம் வாய்ப்பாடுவரை. ஏழெட்டில் தடுக்கினாள். நான் எடுத்துக் கொடுக்குமுன் அக்கா எடுத்துக் கொடுத்தார்.

சிற்றம்பலத்தை வேலையை விட்டு நிறுத்தவில்லை என்று அக்கா சொன்னார். "உண்மையத்தானே சொன்னான். அவன ஏன் நிறுத்தணும்?"

நவம்பர் 3, திங்கள்

வாசுகி நினைவுநாள். விடுப்பு எடுக்கவில்லை. மாலை வரும் வழியில் அவளுக்குப் பிடிக்கும் என்று மகிழம்பூ கேட்டேன். இந்தப் பருவத்தில் கிடைக்காது என்றார் பூக்காரம்மா. வாங்கியதே இல்லை போலிருக்கிறது, பருவம் தெரியவில்லை.

பச்சைப் புடவையைத் தேடினேன். பீரோவில் இல்லை. கிரைண்டர் மேல் இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. கீழமை நீதிமன்றத் தீர்ப்பு உறுதி. மேல்முறையீட்டாளர் தரப்புச் சாட்சியே, குழந்தையைத் திரும்பப் பெறும் சடங்கை மேல்முறையீட்டாளர் தாமே மறுத்தார் என்று கூறியிருப்பதால் வேறு விவாதத்துக்கு இடமில்லை. மாதச் சந்திப்பு மேல்முறையீடு நிலுவையில் உள்ளவரைக்குமானது என்பதால் இன்றோடு முடிகிறது. செலவுத்தொகை இல்லை.

இந்தத் தீர்ப்பில் எழுத்துப்பிழை இல்லை.

"ஹைகோர்ட் இருக்கு சார்" என்றார் ஹபீபுல்லா. "ஆனா அங்க சட்டக் கேள்வி இருந்தாத்தான் எடுப்பாங்க. மாடு தவிடு தின்னதுல சட்டக் கேள்வி எதுவும் இல்ல." பிறகு, "குழந்தைய மூணு வருஷம் நீங்கதான் வளத்தீங்க, அதை வச்சு ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். சொல்லுங்க, எழுதறேன்" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

யோசிக்கவில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். வேறு கடையில் வாங்கினேன்.

டிசம்பர் 13, சனி

இரண்டாம் சனிக்கிழமை. வடுவூர் பஸ்ஸில் ஏறி, ஏரிவரை போய் இறங்கினேன். தண்ணீர் நிரம்பியிருக்கிறது. பறவைகள் வந்திருக்கின்றன. எதிர்ப்பக்க பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஜனவரி 14, புதன்

கஸ்தூரி அக்கா போன் செய்தார். "தம்பி, காணும் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. கேஸு முடிஞ்சு போச்சு. இனிமே எப்ப வேணா வரலாம் போவலாம். யாரு தடுக்கப் போறா? நீங்க என்ன வேத்தாளா?"

வருகிறேன் என்றேன். ஹபீபுல்லாவிடம், ஹைகோர்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி சார் என்றார். எழுதிவைத்திருந்த அந்த ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். இரண்டு கரும்பும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். பஸ்ஸில் கரும்போடு ஏறியதற்குக் கண்டக்டர் திட்டினார். அவர்கள் தெருவில் எல்லா வாசலிலும் பெரிய கோலம். அதை மிதிக்காமல் உள்ளே போவதற்குக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது.

மணியை அழுத்தினேன். நறுமுகைதான் கதவைத் திறந்தாள். பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கரும்பைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

பிறகு உள்ளே திரும்பி, "அம்மா, மன்னார்குடி சித்தப்பா வந்திருக்காங்க" என்றாள்.